நீலகண்ட பிள்ளையின் அரண்மனைக் கத்தி

"மாத்திட்டான்! எங்க அப்பாவுக்க கத்தியை மாத்திப்போட்டான்! நான் குடுத்தது சங்கு. இது என்னடே? கொம்பு முளைச்ச நத்தை!"

"மொதலாளி, செத்த மெல்ல…"

"மெல்லவா? நீ அரண்மனைச் சொத்தை அமுக்குவே, நான் மெல்லப் பேசணுமா? ஊரு கேக்கட்டும்டே!"

ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நீலகண்ட பிள்ளை திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக இரும்புக்கடை வைத்திருப்பவர். லாரியிலிருந்து கம்பி இறங்கும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அது வலியசாலை முக்கில் திரவியத்தின் சலூனுக்குள் திறந்துகொண்டதும், அக்ரகாரத்தில் கொடியில் துணி உலர்த்தியவர்கள் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். சிலர் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிற பாவனையில் முக்கு வரைக்கும் வந்தார்கள். மணி பத்தரை. அந்த நேரத்தில் வலியசாலையில் எந்தப் பசுவும் பால் தருவதில்லை.

இருந்தவர்களில் ரொம்ப இக்கட்டில் மாட்டிக்கொண்டவர் ராமசுப்ரமணியன். செக்ரட்டேரியட்டில் கிளார்க். அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சவரத்துக்கு வந்தவர், இடது கன்னம் வழித்து முடிந்து, வலது கன்னம் முழுக்க நுரையோடு நாற்காலியில் இருந்தார். எழுந்து போக வழியில்லை. போக மனசும் இல்லை.

"திரவியம், நுரை காயறது," என்றார். யார் காதிலும் விழவில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம், மடியில் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்திருந்தாள் திரவியத்தின் தங்கை ஆவுடைத்தாய். வயது இருபத்தேழு. வந்த வரன்களில் ஒன்று அவள் கையைப் பார்த்து, "விரலெல்லாம் என்ன இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனது. சட்டி தேய்க்கிற கை என்று அம்மா சொல்லிச் சமாளித்தாள். சட்டிக் கரி அல்ல. எஃகும் எண்ணெயும் கல்லும் சேர்ந்து ஏறிய கறுப்பு. கடையில் எட்டு வருஷமாக ஓடிய ஒவ்வொரு கத்தியையும் தீட்டியது அவள் கைதான். நாற்காலிக்கு முன்னால் நிற்பவன் அண்ணன், பெயரும் அண்ணனுக்கு. "திரவியத்துக்க கத்தி பட்டா பூ தடவின மாதிரி இருக்கும்" என்று சாலைக் கம்போளம் முழுக்கப் பேச்சு. திரைக்குப் பின்னால் அதைக் கேட்டு அவள் சிரித்துக்கொள்வாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கத்தியை மாற்றவில்லை என்று அண்ணன் நிரூபிக்க வேண்டுமானால், அதற்கு என்னென்ன செய்தது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஒரு படியும் தெரியாது. அவள் வாயைத் திறந்தால், பெண் தொட்ட கத்தி என்று நாளை முதல் ஒருத்தரும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டார்கள் என்று பயம். திறக்காவிட்டால் திருட்டுக் கடை என்று உட்காரமாட்டார்கள். அப்பா வைத்துவிட்டுப் போன கடை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழும்.

மிதுன மாசக் கடைசியில், தமிழுக்கு ஆனியில், ஆரம்பித்த வினை இது. பிள்ளையின் மகள் மங்கலத்துக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை நிச்சயமானது. இன்ஜினியர் மாப்பிள்ளை. சிங்க மாசத்தில், அதாவது ஆவணியில், முகூர்த்தம். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, இரண்டு வீட்டாரும் சுற்றி நிற்க, சவரம் செய்வது அவர்கள் வழக்கம். சம்பந்தி வீட்டார் மூன்று தலைமுறைப் பெருமையை எடுத்து விட்டார்கள். பிள்ளைக்குப் பதிலுக்கு விட ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் தகரப் பெட்டியைக் குடைந்தார். அடியில், பழைய மல்மல் துணிக்குள், ஒரு மடக்குக் கத்தி.

சலூனுக்கு அதைப் பட்டுத்துணியில் சுற்றி, விபூதித் தட்டு ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"பாத்தியாடே. எங்க அப்பா தாணு பிள்ளைக்கு அரண்மனையிலேருந்து கிடைச்சதாக்கும். பிடி தந்தம். இங்கே பாரு, முத்திரை."

கத்தி துருவால் செங்கல் நிறமாக இருந்தது. மடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பித்தளை ஆணிக்கு மேலே, துருவுக்குள்ளிருந்து ஒரு சுருள் மட்டும் எட்டிப் பார்த்தது. உருண்டு, அடுக்கடுக்காகச் சுற்றி, ஒரு முனையில் முடிந்த சுருள்.

"சங்கு!" என்றார் பிள்ளை.

"சங்கேதான்!" என்றான் திரவியம்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்குச் சுருளாக எது பட்டாலும் சங்குதான். அரண்மனைக்கு முத்திரையே அதுதான்: பழைய காசில் சங்கு, பழைய அஞ்சல் தலையில் சங்கு, தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் சங்கு. வேறு ஊர்க்காரன் அந்தக் கத்தியைப் பார்த்தால் என்னவோ சுருள் என்று விட்டுவிடுவான். திருவனந்தபுரத்துக்காரன் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடுவான்.

சாயங்காலத்துக்குள் சாலைக் கம்போளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளையின் மாப்பிள்ளைக்கு அரண்மனைக் கத்தியால் சவரம். சம்பந்திக்குத் தனியாக ஒரு கடிதமும் போனது.

திரைக்குப் பின்னால் கத்தி வந்து சேர்ந்தபோது, ஆவுடைத்தாய் முத்திரையை முதலில் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பிடியை அழுத்தித் தேய்த்தாள். விரல் சூடு ஏறியதும் மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"அண்ணே, இது தந்தமில்லே."

"வாயை மூடு. பிள்ளை தந்தம்னு சொல்லியாச்சு."

"தந்தம் எங்கயாவது கற்பூரம் மணக்குமா? மோந்து பாரு. சீப்பு செய்யற செல்லுலாயிட் சாதனம் இது. வயசானா தானும் கெட்டு, ஒட்டிக் கிடக்க இரும்பையும் கெடுக்கும். அதாக்கும் இவ்வளவு துரு."

பிறகு அலகை நகத்தால் சுண்டினாள். வெண்கலத் தம்ளரைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்து, கொஞ்சநேரம் நின்றது. நம் ஊர்க் கொல்லன் அடிக்கிற கத்தி அப்படிப் பேசாது. முதுகு தடித்து, பக்கம் நேராக, மொத்தென்று இருக்கும். இதில் இரண்டு பக்கமும் நுங்கு தோண்டியது போல உள்வாங்கிக் குழிந்து, ஓரத்துக்கு வரும்போது வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது. கப்பல் ஏறி வந்த பொருள் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, துருவுக்குக் கீழே இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அப்படி ஒரு அலகு அவள் கைக்கு அதுவரை வந்ததில்லை.

பதினொரு நாள். அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசை இல்லை, ரேடியோ இல்லை, பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மியோடு வம்பு இல்லை. (நாகலக்ஷ்மி இதைத் தெருவில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டாள்.) முதல் இரண்டு நாள் கத்தி மண்ணெண்ணெயில் கிடந்தது. மூன்றாம் நாள் ஆணியைக் கவனமாகத் தட்டி எடுத்து, பிடியைத் தனியாகக் கழற்றினாள். தொட்டால் நொறுங்கும் நிலை. ஆனாலும் எறியவில்லை. துணியில் சுற்றி, காலியான ஊறுகாய்ப் பரணிக்குள் வைத்தாள். ஒன்றிலிருந்து கழற்றியதை, அது வீடு போய்ச் சேரும் வரைக்கும் எறியக்கூடாது. அது அவளே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

சாலையில் சாணைக்காரனிடம் கொடுத்தால் அரைமணியில் பளபளவென்று ஆக்கித் தந்திருப்பான். ஓடுகிற சக்கரத்தில் அந்த மெல்லிய அலகு சூடேறினால் எஃகின் உயிர் போய்விடும். அப்புறம் வாழைக்காய் சீவத்தான் ஆகும். அவள் உப்புத்தாளில் தேங்காய் எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மட்டும், கையாலேயே தேய்த்தாள். முதுகுப் பக்கத்தில் துரு ஆழமாகத் தின்ற இரண்டு குழி இருந்தது. ஒன்று எள்ளளவு, இன்னொன்று உளுந்தளவு. அவற்றை அழிக்க வேண்டுமானால் அலகில் பாதியை அழிக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டாள். பொலிவு முக்கியமா, கத்தி முக்கியமா?

நாலாம் நாள் மத்தியானம் முத்திரைக்கு வந்தாள். துரு விலக விலகச் சுருள் தெளிவானது. சுருளுக்குக் கீழே ஒரு உடம்பு நீண்டது. உடம்புக்கு ஒரு தலை வந்தது. தலையில் இரண்டு கொம்பு.

ஆவுடைத்தாய் சிரித்த சிரிப்பில் திரவியம் சோப்புப் பிரஷோடு உள்ளே ஓடிவந்தான்.

பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அய்யோ, நத்தை," என்று தலையில் கை வைத்தான். அரைநிமிஷம் யோசித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏ ஆவுடை, அரத்தாலே ரெண்டே ராவு. அந்தக் கொம்பையும் தலையையும் எடுத்துவிட்டா சங்கு தானே? யாருக்கு நட்டம்?" என்றான்.

"செஞ்சவனுக்கு அடையாளம் அண்ணே அது. நம்ம கடை போர்டுல ஒருத்தன் ஏறி, அப்பா பேரை ராவி எடுத்துட்டு வேற பேரு எழுதினா விடுவியா?"

"பிள்ளை கொன்னுபோடுவாரு."

"நல்ல சாமானைக் கெடுக்க மாட்டேன். வேணும்னா உன் கையாலே ராவு. இந்தா."

அவள் அரத்தை நீட்டினாள். திரவியம் அதை வாங்கவில்லை. இந்தக் கதையில் அவன் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அது என்று ஊரில் பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள்.

பிடிக்கு எருமைக்கொம்பு. கொம்பில் கொக்கும் மயிலும் செதுக்குகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களிடம் கழிவுத் துண்டு வாங்கி, காய்ந்த எண்ணெயில் இளக்கி, அம்மிக்கு அடியில் இரண்டு நாள் படியவைத்து, அறுத்து, இழைத்தாள். புது ஆணி தட்டினாள். கடைசி இரண்டு நாளும் ஓரம். கத்தியின் முதுகும் ஓரமும் ஒருசேரக் கல்லில் படிய, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பிறகு தோல்வாரில் மேலும் கீழும் இழுப்பு. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் விட்டாள். முடி இரண்டாகி ஒரு துண்டு மடியில் விழுந்தது. அன்று மத்தியானம் அவள் இரண்டு ஆள் சோறு தின்றாள் என்று அம்மா சொன்னாள்.

அந்தக் கத்தியைத்தான் இப்போது நீலகண்ட பிள்ளை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முக்கில் கூடிய சனத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சரிடே. நீ மாத்தலேன்னே வச்சுக்கோ. தந்தப் பிடி எங்கே?"

"அது வந்து… தந்தமில்லே மொதலாளி."

"பின்னே?"

திரவியம் யோசித்தான். தங்கை ஏதோ சொன்னது ஞாபகம் வந்தது. "கற்பூரம்," என்றான்.

வாசலில் யாரோ கெக்கலித்தார்கள். பால் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

"கற்பூரத்திலே பிடியா! ஏத்திக் காட்டினியாடே? எந்த சாமிக்கு? இந்த நத்தை எப்பிடி வந்துது, அதைச் சொல்லு. எதாலே தேய்ச்சே? எத்தனை நாள்? சொல்லு! தொழில்காரன்தானே நீ?"

திரவியம் உப்புத்தாள் என்று சொல்லியிருந்தால் போதும். அவனுக்கு அதுகூட வரவில்லை. சனம் அவன் முகத்தையே பார்த்தது. அந்த மௌனத்தில் அவன் கள்ளனாகிக்கொண்டிருப்பதை ஆவுடைத்தாய் திரை வழியாகப் பார்த்தாள். அண்ணன் ஒரு தடவை திரைப்பக்கம் திரும்பினான். வெளியே வரச் சொல்லும் பார்வை அல்ல. வராதே என்று தலையை ஆட்டினான்.

அவள் பரணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் சொல்லுதேன். கேளுங்க."

எட்டு வருஷத்தில் கடை நேரத்தில் அவள் திரையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பிள்ளை வாயை மூட மறந்து நின்றார்.

"கத்தியைத் தீட்டினது நான். அண்ணன் தொடவே இல்லே. மண்ணெண்ணெயிலே ரெண்டு நாள், உப்புத்தாளிலே நாலு நாள். உங்க பழைய பிடி இதாக்கும்." பரணிக்குள்ளிருந்து துணியைப் பிரித்தாள். மஞ்சளித்து நொறுங்கிய இரண்டு பட்டை. "உள்பக்கம் பாருங்க. கத்தி மடங்கிக் கிடந்த இடத்திலே துருக்கறை இறங்கியிருக்கு. இதிலே ரெண்டு இடம் மட்டும் கறுத்து ஆழமா இருக்கு. ஒண்ணு எள்ளு, ஒண்ணு உளுந்து. இனி கத்தியைக் குடுங்க."

பிள்ளை கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. அவள் அலகைப் பழைய பட்டைமேல், மடங்கிக் கிடந்த கோலத்தில் பொருத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா," என்று நாற்காலிக்காரரிடம் நீட்டினாள். அந்த இடத்தில் படித்தவர் அவர்தான்.

ராமசுப்ரமணியன் நுரை படாமல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஃபைலில் கையெழுத்துச் சரிபார்க்கிற பவிசு முகத்தில் வந்துவிட்டது, பாதி முகத்தில்.

"எள்ளுக்கு எள்ளு. உளுந்துக்கு உளுந்து. ஓய் பிள்ளை, இது உம்ம கத்தியேதான். சந்தேகமே இல்லை." கத்தியை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "நத்தைக்குக் கீழே என்னவோ இங்கிலீஷ்லே இருக்கே. இருங்கோ… சோலிங்கன். அதுக்குக் கீழே ஜெர்மனி. உம்ம அரண்மனை எப்போ ஓய் ஜெர்மனிக்குக் குடிபோச்சு?"

முக்கு முழுக்கச் சிரித்தது. பிள்ளையின் காது இரண்டும் சிவந்தது. தோற்கிற வழக்கில் வேறு வழக்கைப் போடுவது சாலைக் கம்போளத்தில் எல்லா வியாபாரிக்கும் தெரிந்த வித்தை.

"அது கிடக்கட்டும்! பொம்பளை கை பட்ட கத்தியையா எங்க மாப்பிள்ளை மொகத்திலே வைக்கப் பாத்தே? மங்கல காரியத்திலே? இத்தனை நாளும் எங்க மொகத்திலே வச்சதும் இவ கத்தியா? ஓய், நீரும் கேட்டீரா?"

இதைத்தான் அவள் பயந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆவுடைத்தாய் பரணியை இறுகப் பிடித்துக்கொண்டு, சனத்தின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முக்கால்வாசி அந்த நாற்காலியில் உட்கார்ந்த முகங்கள்.

ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். "கேட்டேன் கேட்டேன். போன வைகாசியிலே இவ சுசீந்திரத்துக்குப் போயி மூணு வாரம் உக்காந்துட்டாளோல்லியோ? அந்த மூணு வாரமும் இந்தத் தெருவிலே ஒரு மோவாயாவது முழுசா இருந்துதா? வெட்டுக்காயத்துக்குப் போட்டுப் போட்டே எங்காத்துலே சீனாக்காரம் தீந்துபோச்சு. அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும் ஓய், கத்தி யாரோடதுன்னு. திரவியத்துக்கு வருத்தமா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலை."

"உள்ளதாக்கும்," என்றது வாசலில் ஒரு குரல். "எனக்கு மூணு இடத்திலே," என்றது இன்னொன்று. ஒருவர் மோவாயைத் தூக்கித் தழும்பையே காட்டினார்.

ஆவுடைத்தாய் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். எட்டு வருஷமாக ஒரு பச்சைத் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரகசியம், ஊர் பூராவும் போர்த்திப் படுத்த பழைய போர்வையாக இருந்திருக்கிறது.

பிள்ளை விடுகிறவர் இல்லை. "அதெல்லாம் சரி, ஆனா எங்க அப்பாவுக்கு இது அரண்மனையிலே…"

"நீலாண்டா! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

சனம் விலகியது. பிள்ளையின் அக்காள் பொன்னம்மை. பின்தெருவில் வீடு. தம்பியின் தொண்டை அங்கே கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு மேல்துணியான நேரியதை இழுத்துப் போர்த்தியபடி வந்துவிட்டாள். பிள்ளை உலகத்தில் பயப்படுகிற ஒரே ஜீவன்.

"எந்த அரண்மனைடா? அப்பா பொன்முடியிலே தேயிலைத் தோட்டத்திலே ரைட்டரா இருந்தாரு, நீ பிறக்கதுக்கு முன்னே. அந்த மலைக்கு எந்த நாவிதன் ஏறி வருவான்? பஸ்ஸா, ரோடா? மாசம் ஒருக்கா கீழே எறங்கி வருவாரு, தாடியும் மீசையுமா, காட்டுக்கரடி மாதிரி. தோட்டத்துத் துரை பாத்து மனசு பொறுக்காம, சீமைக்குப் போகும்போது தன் கத்தியைக் கையிலே குடுத்து, இப்பிடி இப்பிடிப் பண்ணணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனான்."

"அப்போ அப்பா…"

"தானே சவரம் பண்ணிக்கிட்டாரு. நாலு வருஷம். அந்தக் காலத்திலே ஒரு பிள்ளைமாரு தன் மொகத்தைத் தானே வழிக்கிறான்னு தெரிஞ்சா ஒரு வீட்டிலே வாசப்படி ஏத்துவாளா? மலையிறங்கி வந்ததும் துணியிலே சுத்திப் பெட்டிக்கு அடியிலே வச்சுட்டாரு. வச்சவரு சும்மா இருந்தாரா? சனிக்கிழமை சனிக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தானே பண்ணுவாரு. பண்ணிட்டு, ஊருக்காக நாவிதன் முன்னாலேயும் போயி மொகத்தைக் காட்டிட்டு வருவாரு. நான் கதவிடுக்காலே பாத்திருக்கேன். அவ்வளவு ஆசை அந்தக் கத்தி மேலே."

தூக்குப்பாத்திரக்காரர்கள் இன்னும் இரண்டு அடி கிட்டே வந்தார்கள். இது சாதாரண வம்பு அல்ல. ஒரு வருஷத்துக்குத் தாங்கும். பிள்ளைக்கு எல்லாம் போயிற்று. அரண்மனை போனது, தந்தம் போனது, அப்பாவின் கன்னமும் சேர்ந்து தெருவுக்கு வந்துவிட்டது.

பொன்னம்மை ஆவுடைத்தாயிடம் கையை நீட்டினாள். கத்தியை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா கையிலே இது இப்பிடித்தான் இருந்துது பிள்ளே," என்றாள். "இந்த நத்தையை நான் மறந்தே போனேன்." பிறகு தம்பி பக்கம் திரும்பி, குரலை மாற்றி, "உக்காரு," என்றாள்.

"எங்கே?"

"நாக்காலியிலே. மாப்பிள்ளை மொகத்திலே வைக்கலாமா வேண்டாமான்னு உன் மொகத்திலே பாத்துக்கிடலாம்."

ராமசுப்ரமணியனை எழுப்பினார்கள். "இதென்ன நியாயம்? நான் முன்னாடி வந்தவன்!" என்றார். ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

பிள்ளையின் முகம் லேசுப்பட்ட முகம் அல்ல. தேங்காய் நார் மாதிரி முடி. இடது தாடையில் ஒரு மரு. சாலையிலும் கோட்டையிலுமாக எத்தனையோ நாவிதர்கள் அந்த மருவில் இடறி விழுந்திருக்கிறார்கள். திரவியம் நுரை போட்டான். தங்கையைப் பார்த்தான். அவள் தோல்வாரை ஆணியில் மாட்டி, எல்லோர் முன்னாலும், கத்தியைப் பத்து தடவை மேலும் கீழும் இழுத்து, புரட்டி, அவன் கையில் கொடுத்தாள். அந்தப் பத்து இழுப்பின் தாளத்தை வலியசாலை அன்றுதான் திரையில்லாமல் கேட்டது.

முதல் இழுப்புக்கு ஒரு சத்தம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், சொரசொரவென்று. வரவில்லை. நுரை மட்டும் விலகிக்கொண்டே போனது. கன்னம், தாடை, மருவைச் சுற்றி ஒரு வட்டம், தொண்டை. பிள்ளையின் கைகள் முதலில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தன. பிறகு தளர்ந்தன. பிறகு தொங்கின. திரவியம் மறுபக்கத்துக்கு வந்தபோது மெல்லிசாக ஒரு குறட்டை கேட்டது.

அரண்மனைச் சொத்தை அமுக்கிவிட்டான் என்று கத்திய மனுஷன் அதே கத்தியின் கீழே தூங்கிவிட்டார். சனம் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆவுடைத்தாய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். கறுத்த விரல்களை முந்தானைக்குள் ஒளிக்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

கண் விழித்த பிள்ளை கன்னத்தைத் தடவினார். மருவைத் தடவினார். விரலைப் பார்த்தார். ரத்தம் இல்லை. கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கம்பீரமாக எழுந்தார்.

"சிங்கம் பதினெட்டு. காலம்பற ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துரணும். நீ மட்டும் வந்தாப் பத்தாது கேட்டியா. தீட்டினவளும் வரணும்."

பன்னிரண்டு மணிக்கு அவர் சாலைக் கம்போளத்தில் தன் கடை முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "அரண்மனையா? எவன் சொன்னான்? ஜெர்மன் சரக்காக்கும்! துரை எங்க அப்பாவுக்குக் கையாலே குடுத்தது. அந்தக் காலத்திலேயே தானே சவரம் பண்ணிக்கிட்ட ஆளு எங்க அப்பா. ஒரு நாவிதன் தயவு வேண்டாம்! தீட்டினது யாரு தெரியுமா? நம்ம வலியசாலைப் பொண்ணு. ஜெர்மன்காரன் வந்து பாத்தா அவ காலைத் தொட்டுக் கும்பிடுவான்."

ராமசுப்ரமணியனின் வலது கன்னம் ஒன்றேகாலுக்கு முடிந்தது. ஆபீஸில் முழுநாள் லீவாக எழுதிக்கொண்டார்கள்.

சிங்கம் பதினெட்டில் மாப்பிள்ளைக்கு நத்தைக் கத்தியால் சவரம் நடந்தது. யார் தீட்டியது என்று சம்பந்தி கேட்டபோது, பிள்ளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஆவுடைத்தாயை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டாரோடு நாகர்கோவில் வடசேரியிலிருந்து வந்திருந்த வன்னியராஜ் என்ற சலூன்காரர், கத்தியை வாங்கி முன்கை முடியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்தார். "எந்தக் கல்லு போடுதீங்க?" என்று மட்டும் கேட்டார். பெண் பார்க்கிறவன் கேட்கிற கேள்வி அது இல்லை என்று நாகலக்ஷ்மி சொன்னாள். வேறு எந்தக் கேள்விக்கும் ஆவுடைத்தாய் அப்படிச் சிரித்ததில்லை என்றும் அவளே சொன்னாள்.

மங்கலம் புருஷனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பொன்னம்மை மகனோடு இருக்கத் தென்காசிக்குப் போனாள். தை மாசம் வன்னியராஜ் முறைப்படி வந்து கேட்டார், மாசியில் கல்யாணம். ஆவுடைத்தாய் கல்லையும் வாரையும் எடுத்துக்கொண்டு வடசேரிக்குக் குடிபோனாள். அங்கே சலூனில் திரை கிடையாது. முன்னால், ஜன்னலோரம், வெளிச்சத்தில் உட்கார்ந்து தீட்டுகிறாள் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். திரவியம் செவ்வாய்க்கிழமைதோறும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏழு கத்தியைத் துணியில் சுற்றி நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறான். வியாழக்கிழமை திரும்பி வந்துவிடும். பொட்டலத்தின் மேலே அவனே கொட்டை எழுத்தில் எழுதுகிறான்: "ஆவுடைத்தாய் அவர்கள், கத்தி தீட்டுபவர், வடசேரி."